ஷைஜாவின் ஹெட்லைட்

பாலத்துச் சுவரில் கார் உரசியது ஷைஜாவின் தப்பு இல்லை. இதை அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். அருமனைச் சந்தைக்கு நடுவில் நின்று சொல்லச் சொன்னாலும் சொல்வேன். அந்தக் காரில் அவளுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தவள் நான். தீர்ப்புச் சொன்ன ஒருத்தரும் அந்த நேரத்தில் அங்கே இல்லை. எல்லாரும் அவரவர் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் பெயர் ஜெபகனி. குலசேகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். ஷைஜா அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பேருக்கும் வீடு அருமனைப் பக்கம். ஒரே தெரு, ஒரே சபை. என்னைவிட வயதில் இளையவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவாள். அவளுடைய அப்பா எஸ்டேட்டில் ரப்பர் பால்வெட்டுக்காரர். மகளை நர்சிங் படிக்க வைத்ததற்கே அவருக்குக் கிடைத்த புத்திமதிகள் கொஞ்சமல்ல. "பெண்பிள்ளைய கெட்டிக்கொடுக்காம படிப்பிக்கியானே" என்று ஊரே சொன்னது. படித்து முடித்ததும் அதே ஊர், நர்ஸ் பெண் என்றால் நல்ல இடம் என்று வரிசையில் வந்து நின்று பெண் கேட்டது. அப்படிக் கேட்டு வந்து அவளைக் கட்டினவன்தான் செல்வதாஸ். ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். ஆள் மோசமில்லை. ஆனால் சொந்தமாக ஒரு முடிவெடுத்து நான் பார்த்ததில்லை. எதற்கும் அவனுக்கு அண்ணன் வேண்டும்.

அந்த அண்ணன் பெயர் குமாரதாஸ். கொஞ்சம் ரப்பர் நிலமும், பால் உறையவைத்து ஷீட் அடிக்கிற மிஷினும், அளவுக்கு மீறின அபிப்பிராயங்களும் உள்ளவர். 2010இல் செல்வதாஸ் லீவில் வந்து பழைய கார் ஒன்று வாங்கினான். பார்த்துத் தேர்ந்தெடுத்தது குமாரதாஸ்தான். "லைட்ட பாரு, கண்ணாடி மாதிரி மின்னுது. நல்லா வச்சிருந்த வண்டி" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு நல்ல மழை பெய்ததும் மினுக்கம் போய், இரண்டு ஹெட்லைட்டும் பழுத்த பலாயிலை நிறத்தில் நின்றன. விற்றவன் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து வைத்திருக்கிறான். தேங்காயெண்ணெயில் குளித்து வளர்ந்த ஊர்க்காரருக்கு அந்த வாசனை தெரியவில்லை. அதைப் பற்றி யாராவது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. ஆண்பிள்ளை ஏமாந்தால் அது விற்றவனுடைய கள்ளத்தனம்.

செல்வதாஸ் திரும்பிப் போனதும் கார் ஷெட்டுக்குள் போனது. சாவி பக்கத்திலேயே இருந்த அண்ணன் வீட்டில். வாரத்தில் ஒருநாள் பின்சீட்டில் ரப்பர் ஷீட்டை அடுக்கிக் கடைக்குக் கொண்டுபோவார். அந்த நாற்றம் இன்றைக்கும் காரை விட்டுப் போகவில்லை. ஷைஜா யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, மார்த்தாண்டம் நெரிசலில் ஓட்டிப் பழகி, லைசென்ஸ் எடுத்தாள். எடுத்த லைசென்ஸ் கைப்பைக்குள் சும்மா கிடந்தது.

ஒரு மத்தியானம் அவளுடைய மாமியார் நேசபாய் சர்க்கரை இறங்கி அடுக்களையில் விழுந்துவிட்டாள். குமாரதாஸ் வெளியே போயிருந்தார். ஆட்டோ ஒன்றும் கிடைக்கவில்லை. ஷைஜா மாமியாரின் வாயில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்துவிட்டு, அண்ணன் வீட்டுச் சுவரில் தொங்கிய சாவியை எடுத்து, அவளைக் காரில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேசபாய் சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். டாக்டருக்கு நன்றி சொன்னாள். கார் வாங்கித் தந்த மகனுக்கு நன்றி சொன்னாள். ஓட்டினவள் பெயர் கடைசிவரைக்கும் வரவில்லை. எனக்கு ஆராதனையென்றும் பார்க்காமல் எழுந்து கத்தலாம் போல இருந்தது.

ஆனால் அன்றிலிருந்து சாவி ஷைஜாவிடம் வந்தது. அதுவரை பஸ்ஸுக்காகவே பகல் டூட்டி மட்டும் பார்த்தவள், சாயங்கால டூட்டியும் எடுத்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளை வார்டு இன்சார்ஜ் ஆக்கினார்கள். அந்தப் பொறுப்புக்குச் சாயங்கால டூட்டி கட்டாயம். டூட்டி முடிகிற நேரத்தில் எங்கள் பக்கம் பஸ் இல்லை. ஆகக் கார் இருந்தால் அந்த வேலை உண்டு, கார் இல்லாவிட்டால் இல்லை. இதைத்தான் நான் பேசுகிற ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

2013 ஐப்பசி மழையில் அது நடந்தது. டூட்டி முடிந்து இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் ரப்பர்க் காடு, வளைவான ரோடு, எதிரே லாரி. எங்கள் ஹெட்லைட் வெளிச்சம் காருக்கு முன்னால் பாய் விரிக்கிற தூரத்துக்குக்கூடப் போகவில்லை. ஷைஜா மெதுவாகத்தான் ஓட்டினாள். லாரிக்கு ஒதுங்கினபோது பாலத்துக் கைப்பிடிச்சுவர் எங்களுக்குத் தெரியவே இல்லை. பம்பரும் இடது பக்கமும் உரசின. எங்களுக்கு ஒரு கீறல் இல்லை.

விடிந்ததும் ஊருக்கு வாய் முளைத்தது. "பொம்பள ஓட்டினா இப்பிடித்தான்." "மாப்பிள்ள அங்க வெயில்ல நிண்ணு சம்பாதிக்கியான், இவ இங்க கொண்டு மதில்ல இடிக்கியா." குமாரதாஸ் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து, தம்பிக்குப் போன் போட்டார். வண்டியை விற்றுவிடலாம், உயிருக்கு ஆபத்து என்றார். தம்பி, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். ஷைஜாவிடம் என்ன நடந்தது என்று கேட்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பொழுது மங்கும் நேரத்தில் அவள் என்னைக் கூப்பிட்டாள். ஷெட்டுக்குள் காரை நிறுத்திச் சுவரைப் பார்த்து லைட்டைப் போட்டாள். சுவரில் கலங்கின தண்ணீர் மாதிரி ஒரு மஞ்சள் படர்ந்தது.

"பாத்தியளா அக்கா? இத வச்சுக்கிட்டு யாரு ஓட்டினாலும் இடிக்கும். இத மாத்தாம எனக்க கைய குற்றம் சொல்லுதாவ."

"அண்ணன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். விக்கப்போற வண்டிக்கு எதுக்கு புது லைட்டுன்னு கேக்காரு."

முதலில் பல் தேய்க்கிற பேஸ்டைத் தடவித் துணியால் தேய்த்துப் பார்த்தாள். கொஞ்சம் தெளிந்தது. இரண்டொரு நாளில் பழையபடி ஆனது. நேசபாய் பேஸ்ட் தீர்ந்துபோனதற்கு ஒரு வாரம் முனகினாள். அப்போதுதான் குமாரதாஸுக்கு உதவி செய்யத் தோன்றியது. ஆண்டவரே, சிலர் உதவி செய்யாமல் இருந்தாலே பெரிய உதவி.

ரப்பர் உள்ள வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பால் உறைவதற்கு ஊற்றுகிற ஆசிட்தான் சர்வரோக நிவாரணி. தரையில் கறையா, ஆசிட். கக்கூஸில் அழுக்கா, ஆசிட். தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டியதை அப்படியே ஊற்றுவார்கள், கை வெந்தாலும் கேட்கமாட்டார்கள். ஷைஜா டூட்டிக்காக என்னோடு பஸ்ஸில் போயிருந்த ஒரு பகலில், குமாரதாஸ் கேனிலிருந்து தண்ணீர் கலக்காத ஆசிட்டைக் கந்தல் துணியில் நனைத்து வலது பக்க லைட்டைத் துடைத்திருக்கிறார். வெளுக்கும் என்று நினைத்தாராம், நேசபாய்தான் பிறகு சொன்னாள். வெளுத்தது. உறைந்த ரப்பர் பால் மாதிரி வெள்ளைவெளேரென்று ஆகி, மேலெல்லாம் பொடிப்பொடியாக வெடிப்பு விழுந்தது. இடது பக்கத்தைத் தொடாமல் கேனை மூடி வைத்துவிட்டார்.

அவள் வந்து பார்த்துக் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள். "அது நீ பேஸ்ட் தேச்சதில போச்சு பிள்ள. பழைய சாதனத்தில கண்டதையும் தேச்சா பின்ன என்ன ஆகும்?" சொன்னதோடு நிற்கவில்லை. ஷார்ஜாவுக்கும் போன் போய்விட்டது: உன் பெண்டாட்டி லைட்டையும் கெடுத்துவிட்டாள்.

ஷைஜா அன்றைக்கு அழுதாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குக் கட்டுப் போட்டு, ஊசி போட்டு, ஏச்சு வாங்கி, ஒருநாளும் அழாதவள் என் மருந்துக் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு வந்த கோபத்தில் மாத்திரை அட்டைகளை மாற்றி மாற்றி வைத்தேன். கண்ணைத் துடைத்ததும், "அக்கா, உங்க கம்ப்யூட்டர்ல நெட் உண்டுமா?" என்று கேட்டாள். மேனேஜர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் தேடினோம். யாரோ ஒரு வெள்ளைக்காரன் வீட்டு வாசலில் வைத்து, இதே மாதிரி மஞ்சளான லைட்டை உப்புத்தாளால் தேய்த்துத் தெளிய வைக்கிற வீடியோ கிடைத்தது. அவள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

"மேல்தோலுதான் அக்கா கெட்டிருக்கு. உள்ள நல்லாத்தான் இருக்கு. கெட்ட தோல எடுத்துட்டா போதும்."

நர்ஸ் பேச்சு அது. மார்த்தாண்டத்தில் பெயின்ட் சாமான் விற்கிற கடையில் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற தாள் வாங்கினாள்; சொரசொரப்பாக ஒன்று, அதைவிட மென்மையாக ஒன்று, தொட்டால் துணி மாதிரி இருக்கிற ஒன்று. பாலீஷ் போடுகிற பசையும், கடைசியில் அடிக்கிற நிறமில்லாத ஸ்ப்ரேயும் வாங்கினாள். கடைக்காரன் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "வீட்ல ஆம்பிளையாளு யாரும் வரலியா?" என்று கேட்டான். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

சனிக்கிழமை அவளுக்கு லீவு. காரைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். லைட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பக்கத்துப் பெயின்டில் தாள் படாமல் இருக்கச் சுற்றிலும் டேப் ஒட்டினாள். சொரசொரப்பான தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, இடமிருந்து வலமாக ஒரே சீராகத் தேய்க்கத் தொடங்கினாள். காயவிடக் கூடாது, காய்ந்தால் கீறல் ஆழமாக விழும் என்று நான் குவளையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். மஞ்சள் அழுக்குப் பாலாக வழிந்தது. வேலியோரம் போன எங்கள் தெரு ஜஸ்டஸ், "எட்டி ஷைஜா, மீனுக்குச் செதிள் எடுக்கியா?" என்று இளித்தான். அவனுடைய பைக்கைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண வாரத்தில் பாதி நாள் தெருவே கூட வேண்டும்.

தேய்க்கத் தேய்க்க லைட் இன்னும் வெளுத்தது. எனக்குப் பயமாகிவிட்டது. "மக்கா, அண்ணன் செஞ்சதவிட மோசமாட்டுல்லா வருது" என்றேன். "முதல்ல அப்பிடித்தான் வரும் அக்கா. ஒரே மாதிரி வெளுக்கணும். இடையில விட்டாத்தான் கெட்டுப்போவும்" என்று கையை நிறுத்தாமல் சொன்னாள். ஆசிட் பட்ட பக்கம் உயிரை எடுத்தது. வெடிப்பெல்லாம் போகும்வரை சுரண்டி, அடுத்த தாள், அதற்கடுத்த தாள் என்று போனாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. பிறகு பழைய பனியன் துணியில் பசையைத் தொட்டுத் தேய்த்தபோது உள்ளே இருந்த பல்பு பளிச்சென்று தெரிந்தது. நான் ஸ்தோத்திரம் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். காயவைத்து ஸ்ப்ரே அடித்தாள். தூசி ஒட்டிவிடக் கூடாதென்று முற்றம் பெருக்க வந்த நேசபாயைத் துடைப்பத்தோடு திருப்பி அனுப்பினாள். மருமகள் மாமியாரை விரட்டினது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் ஷெட்டுச் சுவரில் விழுந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. ஓரம் வெட்டின மாதிரி, வெள்ளையாக, சுவரில் ஊர்ந்த எறும்புகூடத் தெரிந்தது. ஷைஜா போன் பண்ணிச் சொன்னாள். செல்வதாஸ், "அப்பிடியா, கொள்ளாமே" என்று மெச்சினான். விற்கிற பேச்சை எடுக்கவில்லை. காரியம் முடிந்தது என்று நாங்கள் இரண்டு மடைச்சிகளும் நினைத்தோம். அந்த வாரம் முழுவதும் அதே ரோட்டில், அதே மழையில், ஒரு பயமும் இல்லாமல் வந்து போனோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் குமாரதாஸ் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். திருவட்டாறில் பழைய வண்டி வாங்கி விற்கிற சுயம்பு. ஷைஜா கூப்பிட்டாளென்று நானும் ஓடினேன். சுயம்பு விவரமான ஆள். நேராக முன்னால் போய்க் குனிந்தார். கைக்குட்டையால் லைட்டை அழுத்தித் துடைத்து மோந்து பார்த்தார்.

"எண்ணெ ஒண்ணும் இல்ல. நல்ல தெளிவு. லைட்ட பாத்தாலே தெரியும், வண்டிய நல்லா பாத்துக்கிட்டிருக்கிய."

"பின்ன? நாங்க வீட்ல வச்சு கண்ணுபோல பாத்த வண்டியாக்கும்" என்றார் குமாரதாஸ்.

நாங்களாம்! ஆசிட்டால் துடைத்த கை அதே கை. காரின் மேல் அதை வைத்துக்கொண்டு நின்று சொன்னார். இடதுபக்கம் இருந்த உரசலைப் பார்த்துச் சுயம்பு உதட்டைப் பிதுக்கினார். ஆனாலும் லைட்டைப் பார்த்து வாங்கச் சம்மதித்துவிட்டார். இரண்டு பேரும் பேசி முடிக்கப்போன நேரத்தில் ஷைஜா குறுக்கே வந்தாள்.

"அண்ணே, லைட்டு சரியாயிட்டுல்லா. இனி எதுக்கு விக்கணும்?"

"லைட்டு நல்லா இருக்கும்போ வித்தாத்தான் போவும் பிள்ள. மங்கின பிறவு யாரு எடுப்பா?"

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஷைஜா கணவனைப் போனில் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். செல்வதாஸ், அண்ணன் சொல்வது சரிதானே, லீவுக்கு வரும்போது புதுசு எடுக்கலாம் என்றான்.

"அதுவரைக்கும் நான் வேலைக்கு எப்பிடி போவேன்?"

"கொஞ்ச நாளு வீட்ல இரி. என்ன இப்ப, குடும்பத்துக்குச் சோறில்லாமலா கிடக்கு?"

அவள் போனைக் காரின் பானட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். டீ போடப் போகிறாள் என்று குமாரதாஸ் நினைத்திருக்க வேண்டும், சுயம்புவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். வெளியே வந்தவள் கையில் அந்தச் சொரசொரப்பான தாள் இருந்தது. தண்ணீர் கொண்டுவரவில்லை. காருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, காய்ந்த தாளை லைட்டில் வைத்து, முழு பலத்தோடு வரட்டு வரட்டென்று தேய்த்தாள். சத்தத்தில் பல் கூசியது. ஒரு சனிக்கிழமை முழுக்கக் கை உரியத் தெளிய வைத்ததெல்லாம் எங்கள் கண்முன்னால் வெளுத்து மறைந்தது. வலது பக்கம் முடிந்ததும் நகர்ந்து உட்கார்ந்து இடது பக்கத்தைத் தேய்த்தாள்.

"ஏய் பிள்ள! வட்டு பிடிச்சிட்டா ஒனக்கு?" குமாரதாஸ் கத்தினார். கிட்டே வரத் துணியவில்லை.

ஷைஜா எழுந்து நின்று தாளை உதறினாள். "லைட்டு மங்கி இடிச்சப்போ, இடிச்சதுனால விக்கணும்னு சொன்னிய. தெளிஞ்சப்போ, தெளிஞ்சதுனால விக்கணும்னு சொல்லுதிய. தெளிய வச்சது நானாக்கும் அண்ணே. நான் செஞ்சத நான் எடுத்துக்கிட்டேன். மிச்சம் உள்ளத வித்துக்கிடுங்க."

சுயம்பு நாற்காலியில் உட்காரவே இல்லை. "முதல்ல நீங்க வீட்ல பேசி முடியுங்க" என்று குமாரதாஸிடம் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார். நேசபாய் வாசலில் வாயைத் திறந்தபடி நின்றாள். பானட்டின் மேலிருந்த போன், "அண்ணே, என்ன சத்தம்? அண்ணே!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஷைஜா போனை எடுத்தாள்.

"ஒண்ணும் இல்ல. ஹெட்லைட்ட கெடுத்தேன். நாளைக்கு உக்காந்து திரும்பவும் தெளிய வைப்பேன். திங்கக்கிழமை டூட்டிக்குப் போவேன். இனியும் யாராவது வாங்க வந்தா, வந்த ஆளுக்க முன்னால வச்சு இப்பிடியே கெடுப்பேன்."

செல்வதாஸ் இறங்கின குரலில், "சரி, சாவிய நீயே வச்சுக்கோ" என்றான்.

"சாவி எனக்க கையிலதான இருக்கு. வண்டிய எனக்க பேருக்கு மாத்துங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அடுத்த லீவில் வந்தபோது மாற்றிக் கொடுத்தான். கொடுக்காமல் என்ன செய்வான்?